நாய்க்குத் தெரிந்தவை

நாவலைத் தொடங்கும் முன் நோட்டின் நடுவில் கோடு போட்டு இரண்டு பட்டியல் எழுதினேன். கம்ப்யூட்டர் டிப்ளமாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நாய்க்குத் தெரிந்தவை: காலடிச் சத்தம், செருப்பு, வாசனை, சோறு வைக்கும் கை. தெரியாதவை: மனிதர்களின் பெயர்கள், பாண்டி பஜாரில் அப்பா வேலை பார்த்த துணிக்கடை மூடப்பட்டது.

அப்பாவுக்கு வேலை இல்லாத அந்த ஒரு வருடத்தை எங்கள் வீட்டு நாய் சொல்வதாக எழுதினேன். வேறு யார் சொன்னாலும் பூசி மெழுகியிருப்பார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா சமையலறையில் தனியாகச் சாப்பிடுவாள். கூட இருப்பது நாய் மட்டும். ஒருநாள் அவள் சோறு படாத தட்டைக் கழுவி வைத்ததை நானும் பார்த்தேன். வாசலோடு திரும்பிவிட்டேன். அதுதான் நாலாம் அத்தியாயம்.

கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தில் கொடுக்க ஒருநாள் இருந்தபோது, வடபழனியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பா அவருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்.

“இன்னாம்மா, பேரு போடலேன்னா தெரியாதா? கிரீச் கிரீச்சுனு வந்து குந்திகினு, மூணு தபா சோறு வாங்கித் துன்னுட்டுப் போற செருப்பு என்னுதுதானே?”

“நாய் செருப்பத்தான் சொல்லுது, பெரியப்பா.”

“கிண்டலா? உங்கம்மா பட்டினி கெடந்தான்னு ஊரெல்லாம் தமுக்கடிப்பியா? நாலாவதக் கிழி. இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அப்பா செய்தித்தாளை மடித்தார், மறுபடி விரித்தார். “அண்ணன் சொல்றது தப்பில்லியேம்மா.”

“கிழிக்க மாட்டேன்ப்பா. அத எடுத்துட்டா மிச்சமெல்லாம் பொய்யாயிடும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அம்மாவே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பில் கை துடைத்தபடி வந்தாள்.

“அந்தப் பக்கத்தப் படி.”

நின்றுகொண்டே படித்தேன்.

“இதுல ஒரு தப்பு கீது,” என்றாள்.

“நாந்தான் சொன்னேனே,” பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தண்ணி குடிச்சிட்டுப் படுத்தேன்னு எழுதிக்கீறே. தண்ணியில்ல. வடிச்ச கஞ்சி, உப்பு போட்டு. அதுலயும் பாதி நாய்க்கு. இத்த உன் நாயி சொல்லலியா?”

பெரியப்பாவின் எதிரிலேயே அந்த வரியை அடித்து, அம்மா சொன்னதை எழுதினேன். அவர் காப்பி வரும்வரை இருக்கவில்லை.

மறுநாள் மயிலாப்பூர் பதிப்பகத்தில் இருந்தவர் புரட்டிப் பார்த்து, “நாலாம் அத்தியாயம் கொஞ்சம் நீளம். சுருக்கலாமே?” என்றார்.

முடியாது என்றேன்.