மில்லுக்குச் செய்த பிரஷ்

உருத்திரபுரத்தில் வாய்க்கால் கரையோடு இருந்த தகரக் கொட்டிலில் நாங்கள் ஐந்து பெண்கள் பிரஷ் செய்தோம். பனைமட்டையை அடித்து எடுக்கும் தும்புதான் எங்கள் சரக்கு. சோடாக் கடைக்குப் போத்தல் கழுவும் பிரஷ் செய்வோம். கம்பியை இரண்டாக மடித்து, நடுவில் தும்பை அடுக்கி, முனையைக் கொளுக்கியில் மாட்டி முறுக்கினால் தும்பு சுற்றிவர விரிந்து நிற்கும். பேக்கரித் தட்டுக்குப் பலகை பிரஷ், தார் பூசுகிறவர்களுக்கு நீளக் கைபிடி வைத்த பிரஷ் என்று, கேட்கிறவரின் சாமானை அளந்து அதற்கேற்றபடி செய்து கொடுப்போம். ஆனாலும் ஊருக்குள் எங்களுக்கு இருந்த பெயர் 'தும்புத்தடி கட்டுறவளவை' என்பதுதான்.

யுத்தத்தில் கொழும்புப் பாதை பூட்டின பிறகு வந்த காலபோக நெல் வெட்டோடு, கிளிநொச்சியில் ஒரு அரிசி மில்லில் பிரஷ் தேய்ந்துபோனது என்று கேள்விப்பட்டேன். குற்றின அரிசி சல்லடைக்கு மேலே போகும்போது, தவிடும் குறுணலும் சல்லடைக் கண்களை அடைக்காமல் ஒரு உருளை பிரஷ் சுழன்று துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அது தேய்ந்தால் தவிட்டோடுதான் அரிசி வரும். முன்பெல்லாம் அது கொழும்பிலிருந்து வரும். இப்போது மருந்துக்கே பாதை இல்லை, பிரஷ் எங்கே வரப்போகிறது?

சைக்கிளில் போய் முதலாளியைக் கண்டேன்.

"ஐயா, அந்த பிரஷை நாங்கள் செய்து தாறம்."

அவர் சிரித்தார். "பிள்ளை, அது மெசினுக்குப் போடுற சாமான். முத்தம் கூட்டுற தும்புத்தடியில்லை." பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, எனக்கும் கேட்கத்தக்கதாக, "தோட்டக்காட்டாக்களுக்கு வந்த துணிவைப் பார்" என்றார்.

என் அப்பா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வீடு எரிந்து இங்கே வந்தவர். நான் இந்த மண்ணில் பிறந்தவள். காடு வெட்டிக் கழனியாக்கின கைகளைப் பார்த்து வளர்ந்தவள். அந்தச் சொல்லை அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பவில்லை. மத்தியானம் மெசினை நிறுத்தும்வரை மில் வாசலில் நின்றேன். மெசின் ஓட்டுகிறவர் வெளியே வந்து, "உள்ள வாங்கோ, அளக்கிறதெண்டால் இப்ப அளவுங்கோ" என்றார்.

உருளையைச் சுற்றி நூல் போட்டு அளந்தேன். அச்சுக்கும் சல்லடைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஈர்க்கை முறித்துப் பார்த்தேன்.

தச்சுவேலைக்காரர் ஒருவர் முதிரைக் கட்டையைக் கடைந்து தந்தார். நேர் வரிசையாகக் குழி துளைத்து, குங்கிலியம் உருக்கி, தும்புக் கற்றையை அதில் தோய்த்துத் தோய்த்து இறுக்கினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் முதலாளி பூட்டிப் பார்க்க விட்டார். ஓடவிட்டபோது டக் டக் என்று சத்தம் கேட்டது. நேர் வரிசை என்பதால் ஒவ்வொரு வரிசையும் சல்லடையை மொத்தமாக அடித்தது. அந்த அதிர்வில் குங்கிலியம் நொருங்கி, தும்பு கழன்று அரிசியோடு கொட்டியது. முதலாளி ஒரு பிடி அரிசியை அள்ளி, நெல்லு கொண்டுவந்த சனத்துக்கு முன்னால் நீட்டினார்.

"சனம் சோத்துக்குள்ள தும்பைத் தின்னட்டோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை என் பிரஷில் இருந்தது. "கழட்டித் தாங்கோ, திரும்பச் செய்யிறன்" என்றேன்.

"இனி இந்தப் பக்கம் வராதை."

"வருவன்" என்றேன்.

மெசின் ஓட்டுகிறவர் என் உருளையோடு, தேய்ந்துபோன பழைய கொழும்பு உருளையையும் சேர்த்துச் சைக்கிளில் கட்டிவிட்டார். அதைக் கொட்டிலில் வைத்து உருட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அதன் வரிசைகள் நேராக இல்லை. திருகாணியின் புரிபோலச் சரிந்து ஓடின. அப்படி இருந்தால் ஒரு கற்றை சல்லடையை விட்டு விலக முதல் அடுத்த கற்றை தொட்டுவிடும். அடி விழாது, துடைப்பு மட்டும்தான்.

சரிவு விளங்கிவிட்டது. தும்பைப் பிடித்து வைப்பது எப்படி என்பதுதான் மிச்சம். தும்பு தரம் பிரிக்கிற அக்கா, எங்களில் மூத்தவா, சொன்னா: "ஒட்டாதை. கட்டு."

"முழுக் கட்டைக்குள்ள எப்பிடியக்கா கட்டுறது?"

"அப்ப அதைப் பிளக்கிறதுதானே."

புதுக் கட்டை ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அரிந்து, உள்பக்கத்தைக் குடைந்து, சரிவாகக் குழி துளைத்தோம். கம்பிக்கு எங்கே போவது? பழைய சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்தால் மயிர்போன்ற உருக்குக் கம்பி வரும். உள்ளே இருந்து கம்பியை வளையமாக வெளியே விட்டு, அதற்குள் தும்பை நடுவாக வைத்து இழுத்தால், தும்பு மடிந்து குழிக்குள் இறுகும். அறுக்காமல் அதே கம்பி அடுத்த குழிக்குப் போகும். தும்பிலும் கறுத்த, தடித்த அடித்தும்பை மட்டும் எடுத்து, ஆணி அடித்த பலகையில், ஒரு துரும்பும் கழலாமல் வரும்வரை சீவினோம். கம்பி விரல்களை வெட்டியது. துணி சுற்றிக்கொண்டு இழுத்தேன். கடைசியில் இரண்டு பாதியையும் அச்சில் பொருத்தி இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, தும்பின் நுனிகளை ஒரே மட்டத்துக்கு வெட்டினோம்.

நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்தே மில்லுக்குப் போனோம். முதலாளி வாயைத் திறக்க முதல் அக்கா சொன்னா, "ஐயா, பத்து நிமிசம் ஓடவிடுங்கோ. பிறகு பேசுங்கோ."

ஓடவிட்டார்கள். டக் டக் சத்தம் இல்லை. நெல்லை இறைத்ததுபோல ஒரே சீரான சரசரப்புத்தான் வந்தது. அரிசி வெள்ளையாக விழுந்தது. முதலாளி கையை விட்டு அளைந்து அளைந்து தும்பு தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கையைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு கிழமை கழித்து நெல்லுக் குற்றப் போனேன். ஒரு விவசாயி, "எப்பிடி ஐயா இந்த நேரத்தில பிரஷ் எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். முதலாளி சொன்னார், "கொழும்புச் சாமான். முந்தியே எடுத்து வைச்சிருந்தனான்."

நெல்லுச் சாக்கை அப்படியே கீழே போட்டேன்.

"அது கொழும்புச் சாமான் இல்லை. நாங்கள் ஐஞ்சு பொம்பிளையள் செய்தது. அப்பிடிச் சொல்ல வெக்கமெண்டால் மெசினை நிப்பாட்டுங்கோ, இப்பவே கழட்டிக்கொண்டு போறன்."

மில்லில் நின்ற அத்தனை சனமும் கேட்டது. மெசின் ஓட்டுகிறவர் சுவிச்சில் கை வைத்தபடி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தபடி, "ஓம், இவையள்தான் செய்தவை" என்றார். அந்த வருசம் இன்னும் இரண்டு மில்லுக்காரர்கள் எங்கள் கொட்டிலுக்கு வந்தார்கள். கதிரை போட்டு இருத்தி, அளவு கேட்டோம்.

பிறகு ஷெல் வந்தது. கொட்டிலை விட்டோம், மில் எரிந்தது என்று கேள்விப்பட்டோம், இடம் இடமாக ஓடினோம். ஐந்து பேரில் மூன்று பேர்தான் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தோம். தும்பு தரம் பிரித்த அக்கா வரவில்லை.

முகாமில் பதிவு எடுக்க வந்தவர் கூடாரத்துக்கு முன்னால் மேசை போட்டிருந்தார். பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'கூலி' என்று எழுதினார்.

"அதை வெட்டுங்கோ" என்றேன்.

"எல்லாருக்கும் அப்பிடித்தானம்மா எழுதுறம். உங்களுக்கு என்ன தொழில்?"

"மெசினுக்குப் பிரஷ் செய்யிறனான்."

பின்னால் நீண்ட வரிசை. வெயில். அவருக்கு நேரம் இல்லை. எனக்கு இருந்தது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் கூலியை வெட்டிவிட்டு, நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல, மேலே எழுதினார்.