கப்பல் காசு

என் நாத்தனாரை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'லைன் அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, அதே நாற்காலியில் ஓய்வு பெற்றவள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுழல் நாற்காலி. தலையில் ஹெட்போன். "லைன்லயே இருங்க, தர்றேன்." வாழ்நாளில் அவள் அதிகம் பேசியது இதைத்தான். பிரசவ வார்டைக் கேட்டவருக்குப் பிரசவ வார்டு, பிணவறையைக் கேட்டவருக்குப் பிணவறை. இரண்டுக்கும் ஒரே குரல்.

அந்த வேலையில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. இணைத்துக் கொடுத்ததும் தன் பக்கத்து ஸ்விட்சை அணைத்துவிடுவாள். அடுத்தவர் பேச்சு அவளுக்கு வேண்டாம். ஆனால் ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டால், மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டாள். மாற்று ஆள் வந்து பக்கத்தில் நின்றாலும் எழமாட்டாள். "இருங்கன்னு சொன்னவ நானில்ல? நான் எந்திரிச்சுப் போயிட்டா அவங்க யாரை நம்பி லைன்ல இருப்பாங்க?" என்பாள். சரியான பைத்தியம் என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன். கடல் தாண்டி ஒரு துறைமுக நகரத்தில், பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை. நான்கு பேர் சேர்ந்திருக்கும் அறையில் ஒரு கட்டில் அவனுடையது. போன நாளிலிருந்து ஒருமுறைகூட அவன் ஊருக்கு வரவில்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேம்மா" என்பான். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவளோ, "பாவம் அண்ணி, லீவு குடுக்க மாட்டேங்கறாங்க" என்று அவனுக்கு வக்காலத்து வாங்குவாள்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவளும் சுவரும்தான். போன் மணி அடித்தால், யாரோ கடன் அட்டை விற்பதற்காகக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணிடமும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுப் பேச்சை வளர்ப்பாள். எனக்குத் தெரியாமல்தான் செய்வாள். நான் போய் நின்றால் சட்டென்று வைத்துவிடுவாள்.

அப்படி இருந்தவள் ஒரு நாள் அரக்கப் பரக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, நான் கப்பல்ல போகப் போறேன்!"

உல்லாசக் கப்பல். போகிற வழியில் ஒரு பகல் முழுக்க அந்தத் துறைமுகத்தில் நிற்குமாம். மகன் இருக்கிற ஊர்! ஓய்வூதியத்தோடு வந்த பணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டாள். கப்பலில் பாதி அறைகள் காலியாகக் கிடந்ததால், டிக்கெட் விற்றவர் கூடவே ஒரு தொகையை இனாமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கையில் தரமாட்டார்கள். கப்பலுக்குள்ளே மட்டும் செலவழிக்கலாம். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் டிக்கெட்டிலேயே அடக்கம். இந்தத் தொகை காபிக் கடை, மசாஜ், போட்டோ, விசேஷ ஹோட்டல் என்று மேல்செலவுக்கு. கடைசி நாள் காலை இறங்கும்போது மிச்சம் இருந்தால் அது கப்பல்காரனுக்கே போய்விடும். நாத்தனார் அதற்குக் கப்பல் காசு என்று பெயர் வைத்தாள்.

"எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம் அண்ணி. அதுல அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போடணும். எதிர்ல உக்காந்து, அவன் சாப்பிடறதைப் பாக்கணும். அவ்ளோதான்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.  நானும் கலங்கினால் அவள் இன்னும் அழுவாள் என்று, "முதல்ல ஒரு நல்ல செருப்பு வாங்கு, இதைப் போட்டுட்டுக் கப்பல் ஏறினா மானம் போயிடும்" என்று அதட்டினேன்.

கப்பலில் என்ன நடந்தது என்பதெல்லாம் பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து அவள் சொன்னது. ஏறின முதல் நாளே விசேஷ ஹோட்டலுக்குப் போயிருக்கிறாள். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, ஜன்னலோர மேஜை ஒன்றை இரண்டு பேருக்குப் பதிவு செய்தாள். மகனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போனில் சொல்லியாகிவிட்டது. "காலையில ஒண்ணும் சாப்பிடாதே. வெறும் வயித்தோட வா. வயிறு நெறைய இங்க சாப்பிடலாம்."

அதன் பிறகு கப்பல் காசில் கை வைக்கவில்லை. காபிக் கடையில் நல்ல காபி மணக்க மணக்கப் போட்டுக் கொடுப்பார்களாம். இவள் அதைத் தாண்டிப் போய், சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் இருந்த மெஷினில் கழனித் தண்ணியைப் பிடித்துக் குடிப்பாள். பக்கத்து அறையில் ஒரு ஓய்வு பெற்ற பல் டாக்டர் அம்மாள். இனாம் தொகையைக் கரைப்பதில் கெட்டிக்காரி. "கரையில நிக்கற நாள்ல மசாஜ் பாதி விலைதான். கடையில இப்ப எதையும் தொடாதீங்க, கடைசியில தள்ளுபடி போடுவான். போட்டோவை மொத்தமா வாங்குங்க. ஒத்தைப் பைசா விட்டுடாதீங்க!" என்று பாடம் எடுத்திருக்கிறாள். இவளும் நன்றாகத் தலையாட்டிவிட்டு மெஷின் காபிக்கே திரும்பிப் போயிருக்கிறாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் ஒன்று நடக்குமாம். இவள் போய் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து, "ஒருத்தர்தானா?" என்று கேட்டு, எதிரே வைத்திருந்த தட்டு, கரண்டி, டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மரியாதையாகத்தான் செய்வார். "அந்தக் கரண்டிச் சத்தம் இருக்கே அண்ணி, அது எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள். 

அறையில் ஒரு போன் இருந்தது. தினம் காலையில் அதை எடுத்துக் கவுண்டரைக் கூப்பிட்டு, "என் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்பாள். ஒன்றுமே செலவழிக்காதவளுக்கு எவ்வளவு இருக்கும்? நேற்று இருந்ததுதான் இருக்கும். அங்கே எடுக்கிற பெண்ணின் குரலைக் கேட்கத்தான் அது. "நல்ல குரல் அண்ணி. ஆனா ரொம்ப நேரம் மணி அடிக்க விடறா. எங்க அறையில இப்படி விட்டா சூப்பர்வைசர் காதைத் திருகிடுவாங்க" என்று அதற்கும் ஒரு குறை.

அந்த நாள் வந்தது. விடிந்ததும் குளித்து, நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, முதல் ஆளாகக் கப்பலிலிருந்து இறங்கிவிட்டாள். துறைமுக வாசல் வரை ஒரு பஸ். கம்பி வேலிக்கு வெளியே மகன் நின்றிருந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது. இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து, "வா, சாப்பிடலாம்" என்று வாசலுக்குள் இழுத்தாள்.

காவலாளி குறுக்கே கையை நீட்டினார். கப்பல் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது.

இது அவளுக்குத் தோன்றவே இல்லை! டிக்கெட் விற்றவரையும் கேட்கவில்லை, கவுண்டர் பெண்ணையும் கேட்கவில்லை. தினம் போன் போட்டவளுக்கு இதை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நம் வீட்டுக்கு யாராவது விருந்துக்கு வரும்போது, 'என் பிள்ளையும் கூட வரலாமா' என்று கேட்டுக்கொண்டா வருகிறார்கள்? கூட்டிக்கொண்டு வருவார்கள், நாம் இன்னொரு தட்டு வைப்போம். அந்த நினைப்புத்தான்.

"அம்மா, விடும்மா. அந்தப் பக்கம் நல்ல ஹோட்டல் இருக்கு, அங்க போயிச் சாப்பிடலாம்" என்றான் மகன்.

"எதுக்குடா? உள்ள அவ்வளவு காசு சும்மா கெடக்குது. நீ ஏன் உன் காசைப் போட்டுச் செலவு பண்ணணும்? இரு, நான் கேட்டுட்டு வர்றேன்."

பஸ் ஏறிக் கப்பலுக்குப் போனாள். கவுண்டரில் நீள வரிசை. நின்றாள். முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும், இப்போது முடியாது என்றார்கள். சரி, சாப்பாட்டையாவது கட்டிக் கொடுங்கள் என்று ஹோட்டலுக்குப் போனாள். சமைத்த சாப்பாடு கப்பலை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். விடுவாளா? சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு ரொட்டியும் ஒரு ஆப்பிளும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினாள். வாசலில் பைகளைச் சோதிக்கிற அம்மாள் திறந்து பார்த்து, அதை அப்படியே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது மகன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாங்கி வந்தது அரை நாள் லீவுதான். கிடங்குக்குத் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது.

"ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போடா."

"டைம் இல்லம்மா. லேட்டா போனா சம்பளத்துல கை வைப்பான். நீ அழாதே. எனக்குப் பசியே இல்ல."

பசியே இல்லையாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்ற பிள்ளை! சாப்பிடாதே என்று சொன்னவளும் இவள்தான். ஹோட்டலுக்குப் போகலாம் என்றவனைத் தடுத்தவளும் இவள்தான். அவன் ஏறின பஸ் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை என்னிடம் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "உனக்கு அறிவு இருக்கா? ஓசிக் காசைப் பாத்துப் பெத்த பிள்ளைய பட்டினி போட்டு அனுப்பினியே!" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கத்தியிருக்கக் கூடாது.

பிறகு இரண்டு நாள் அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. கவுண்டருக்கும் போன் செய்யவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அம்மா, உங்க தொகை அப்படியே இருக்கு. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. இன்டர்நெட்டாவது வாங்குங்களேன், வீட்டுக்கு வீடியோவுல பேசலாமே" என்றாள்.

அந்த வார்த்தையில் இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இன்டர்நெட் வாங்கினாள். ஹோட்டலுக்குப் போய்த் தவறிப்போன மேஜையைக் கேட்டாள். அவர்கள் நல்லவர்கள், மறுநாள் மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மகனுக்குச் செய்தி அனுப்பினாள். 'நாளைக்கு நீ சாப்பிடற நேரத்துக்குக் கூப்பிடறேன். டப்பாவை எடுத்துட்டு ஒரு ஓரமா உக்காரு. சேந்து சாப்பிடலாம்.'

மறுநாள் அதே ஜன்னலோர மேஜை. பரிமாறுகிறவர் எதிர்த் தட்டை எடுக்க வந்தபோது, "எடுக்காதீங்க, ஆள் வருது" என்றாள். இரண்டு தட்டிலும் மீன், உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய ரொட்டி. தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக் கூப்பிட்டாள். கிடங்கு வாசலில் ஒரு மரப்பெட்டி மேல் மகன் உட்கார்ந்திருந்தான். மடியில் டப்பா.

"நல்லா தெரியறேனாடா? லைன்லயே இரு. சாப்பிட்டு முடிக்கறவரைக்கும் லைன்லயே இரு."

ஊருக்கு வந்ததும் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நல்லா சாப்பிட்டான் அண்ணி. என் கண்ணு முன்னால சாப்பிட்டான். முடிக்கறவரைக்கும் நான் எந்திரிக்கவே இல்ல. ரெண்டு தட்டு சாப்பாடு உள்ள போச்சு." கப்பல் காசில் கடைசியாக மிச்சம் இருந்ததற்கு எனக்கு ஒரு கைக்கிரீம் வாங்கி வந்திருந்தாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து மகன் எனக்குப் போன் செய்தான். "அத்தை, அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

"எதுக்கு வருத்தப்படணும்? அதான் சேந்து சாப்பிட்டீங்களே."

"எங்க சாப்பிட்டோம்? நான் டப்பாவைத் தொறக்கறதுக்குள்ள படம் அப்படியே நின்னுடுச்சு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாத்தேன், போகவே இல்ல. அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க. டப்பாவை மூடி வச்சிட்டுப் போயிட்டேன்."

 வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானா? அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு லைன் கட்டாயிடுச்சாமே?"

மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள். "எத்தனை வருஷம் அந்த வேலை பாத்தவ நான்? லைன் செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா அண்ணி?"

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"லைன்லயே இருன்னு சொல்லிட்டேனே. படத்துல அவன் சிரிச்ச முகமா நின்னுட்டு இருந்தான். நான் எப்படி எந்திரிச்சுப் போறது?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். 

"ரெண்டு தட்டு உள்ள போச்சுன்னியே?"

"போச்சு அண்ணி. அவன் தட்டையும் நானேதான் சாப்பிட்டேன்" என்றாள். "வயிறு முட்டிப் போச்சு. ஆனா மிச்சம் வச்சா எடுத்துக் கொட்டிடுவாங்கல்ல? அது அவன் சாப்பாடு."