கயிறு பிடித்த தோள்

என் தங்கை புருஷன் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். எங்கள் வழக்கப்படி, தோணியில் நின்று அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மச்சானாகிய நான்தான் பிடிக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் என் வலது தோளில் ஓயாத வலி; தைலம் தேய்த்துக் கட்டிக்கொண்டேன்.

அன்று அவர் முங்கியதும் வழக்கம்போல் ஒற்றைக் காலில் சாய்ந்து, பல்லைக் கடித்து நின்றேன். கழுத்திலிருந்து விரல்வரை உடம்பு இறுகிக் கிடந்தது. மேலே தூக்கச் சொல்லிக் கீழிருந்து அவர் கயிற்றைச் சுண்டியதே எனக்குத் தெரியவில்லை.

"ஏலே, கயிறு துடிக்குது, தூக்குலே!" என்று தோணி முதலாளியான சம்மாட்டி அலறினார்.

நான் பதறி இழுக்க, மூக்கில் ரத்தத்தோடு ஏறிய தங்கை புருஷன், மூச்சு திரும்பியதும் சொன்னார்: "நோவு தோள்ல இல்ல, மச்சான். கோணலா நின்னு உடம்ப முறுக்குதிய. நான் மேல வந்த பெறவுதான் நீங்களே மூச்சு விடுதிய."

மறுநாள் கயிறு வேறு கைக்குப் போனது. தோள்வலியால் விலகியதாகத் தங்கையிடம் சொன்னேன். அந்த வாரமே வலி விட்டுப்போனதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.