உள்ளே எத்தனை பேர்?

இந்தக் கதையை நான் முதலில் சொன்னது என் மனைவியிடம். சொல்லி முடித்ததும் அவள் என் வாயருகே வந்து மோந்து பார்த்தாள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் குடிப்பதில்லை. எனக்குக் கனவும் அதிகம் வராது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன். கண்ணாடியில் என்னையே சந்தேகமாகப் பார்க்கிற ஆள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட எனக்கு நடந்ததை, நடந்தபடியே சொல்கிறேன்.

நான் தச்சு வேலை செய்கிறவன். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளையில் எனக்கு வேலை கிடைத்தது. சூளையில் புகைபோக்கி மட்டும்தான் மிச்சம். அதன் பக்கத்தில் வேலையாட்கள் இருந்த பத்து அறைகள், ஒரே வரிசையாக. அறைக்கு ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. சூளையை நடத்தியவரின் பேரன்தான் இப்போது முதலாளி. அந்த வரிசையை விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். வசதியானவர்கள் பழைய கூலிக்காரர்களின் அறையில் காசு கொடுத்துத் தூங்கப் போகிறார்களாம். காலம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையை ஒப்புக்கொண்டேன்.

என் வேலை கதவுகள். பத்துக் கதவுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. உள்ளே ஒரு கொக்கிகூட இல்லை. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, உள்ளே புதுசு மாட்ட வேண்டும்.

எதற்காக வெளியே தாழ்ப்பாள் என்பது ஊரில் எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக அங்கே வந்தவர்கள், அந்தக் கடன் தீராமல் பிள்ளைகள் காலம்வரை செங்கல் அறுத்துக் கிடந்திருக்கிறார்கள். ராத்திரி ஓடிவிடக் கூடாது என்று வெளியே தாழ்போட்டு வைப்பார்களாம்.

கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் மட்டும் என்ன? நானும் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அங்கே போனேன். என்னோடு என் மச்சானும் வந்தான். என் மனைவியின் தம்பி. முதலாளியின் நிபந்தனை இதுதான்: வேலை முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே தங்க வேண்டும். ஒரு ராத்திரி ஒருவன் இல்லாவிட்டாலும் கூலி கிடையாது, முன்பணத்தை உடனே திருப்பித் தர வேண்டும். அதுவரைக்கும் என் இழைப்பு மிஷினும் டிரில்லிங் மிஷினும் அவரிடமே இருக்கும். வேலை நேரத்தில் வெளியே வரும், சாயங்காலம் அவர் வீட்டு அலமாரிக்குள் போய்விடும். அந்த மிஷின்கள் போனால் என் பிழைப்பே போச்சு.

அங்கே ஒரு காவல்காரர் இருந்தார். எப்போதும் சிரித்த முகம். காரணமில்லாமல் சிரிக்கிறவனை நான் நம்ப மாட்டேன். முதலாளிக்கு நம்மைப் பற்றிப் போட்டுக்கொடுக்க வைத்திருக்கிற ஆள் இவர்தான் என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டேன். வரிசையின் கடைசியில் ஒரு கம்பத்தில் கேமரா இருந்தது. சின்னதாகச் சிவப்பு விளக்கு. கேட்டதற்கு, "அது சும்மாண்ணே. இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல" என்று சிரித்தார்.

நாங்கள் தங்கியது ஏழாம் அறை. முதல் வேலையாக அதன் தாழ்ப்பாளைத்தான் கழற்றினேன். அப்போதே சில விஷயங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை.

கதவின் உள்பக்கத்தில், காது உயரத்தில், எண்ணெய்க் கறை மாதிரி ஒரு வழுவழுப்பு. காது வைத்து வைத்துத் தேய்ந்த இடம். அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், இன்னும் இரண்டு.

அப்புறம் அந்த அறையின் பின்சுவர். மற்ற அறைகளில் பழைய செங்கல். இதில் மட்டும் வேறு செங்கல். எப்போதோ இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, சாக்கு. கழற்றிய தாழ்ப்பாள்களை ஒரு சாக்கில் போட்டு முடிச்சுப் போட்டு வாசலில் வைத்திருந்தேன். காலையில் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. காவல்காரர் பழைய இரும்புக்கு விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஒவ்வொரு தாழ்ப்பாளின் கம்பியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சாக்கை அறைக்குள் என் தலைமாட்டில் வைத்தேன். எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் காலையில் ஒன்றில் மட்டும் கோடு அழிந்திருந்தது. இழுத்துப் போட்டால் எங்கே உரசுமோ, அங்கே மட்டும்.

அது ஏழாம் அறைத் தாழ்ப்பாள்.

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் வந்தது. அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். நாள் இன்னும் இருக்கிறது என்று சொன்ன டாக்டர், இப்போது உடனே ஆபரேஷன் என்கிறாராம். ரத்தம் வேண்டும். இவன் ரத்தம் பொருந்தும்.

"மாமா... போகட்டுமா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். முதலாளியிடம் கேட்டால் விட மாட்டார். கேட்காமல் போனால் எல்லாம் போகும்.

"போடா. நான் பாத்துக்கறேன்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"யாரு, அந்தச் சிரிப்புக்காரனா? ரெண்டு பேரும் இருக்கோம்னு சொல்லிட்டா முடிஞ்சுது. கிளம்பு."

இருட்டியதும் அவன் பின்வழியாகப் போய்விட்டான்.

இரவு 9:20. குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். காவல்காரர் எங்கேயாவது நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு நிச்சயம். அதனால் கொஞ்சம் நடித்தேன். வாசலில் ஒதுங்கி நின்று, பின்னால் ஆள் வருகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"வா மாப்ள. உள்ள வந்து படு. மணி ஆச்சு."

எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் புதுத் தாழ்ப்பாளைப் போட்டேன். மச்சானின் பாய் மூலையில் சுருட்டியபடி இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

1:45க்கு விழிப்பு வந்தது. போனில் மணி பார்த்ததால் தெரியும்.

டொக்.

வரிசையின் அந்தக் கோடியில், கதவில் தடியால் தட்டுகிற சத்தம். பிறகு ஒரு குரல். காலையிலிருந்து இதையே சொல்லிக் களைத்துப்போன குரல்.

"உள்ளே எத்தனை பேரு?"

காவல்காரர் வேலையைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். முதல் அறையில்தான் ஆளே இல்லையே. யாரை மிரட்டுகிறார்? என்னைப் பயமுறுத்தி ஓடவைத்துவிட்டுச் சாக்கை அள்ளப் போகிறாரா?

பதில் வந்தது.

"நாலு."

பெண் குரல்.

பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். க்ரீச்... டக்.

டொக். "உள்ளே எத்தனை பேரு?"

"ஆறு."

க்ரீச்... டக்.

குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறார், கெட்டிக்காரர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான்காம் அறையில் ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

ஐந்து.

ஆறு.

செருப்பில்லாத கால்கள். என் வாசலில் நின்றன.

டொக்.

"உள்ளே எத்தனை பேரு?"

எனக்கு மிஷின்கள் ஞாபகம் வந்தன. ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெண் ஞாபகம் வந்தாள். எப்படியோ வாயைத் திறந்தேன்.

"ரெண்டு பேரு."

தடி கதவை மெதுவாக ஒருமுறை உரசியது.

"ரெண்டாவது ஆள் பேசு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குரலை மாற்றிப் பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். சத்தம் வரவில்லை. போச்சு... எல்லாம் போச்சு...

என் வலது பக்கத்தில், ஒரு கை தூரத்தில், யாரோ புரண்டு படுத்தார்கள்.

"இருக்கேன்."

ஆண் குரல். வாய் நிறைய மண் இருக்கிற மாதிரி.

க்ரீச்...

டக்.

கால்கள் எட்டாம் அறைக்குப் போயின.

நான் அசையவில்லை.

அந்தத் தாழ்ப்பாளை நான்தான் கழற்றினேன்... அது சாக்கில் இருக்கிறது... சாக்கு என் தலைமாட்டில் இருக்கிறது...

பக்கத்தில் மூச்சு.

மெதுவாக...

போனைத் தேடி விளக்கைப் போட்டேன்.

ஆள் இல்லை.

ஆனால் பாய்...

விரித்திருந்தது.

பாய்ந்து போய் உள்தாழ்ப்பாளைத் திறந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். வெளியே இரும்பு குலுங்கியது. கத்திப் பார்த்தேன். போனில் சிக்னல் இல்லை.

விளக்கை அணைக்காமல் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கதவில் காதை வைத்தபடியே இருந்திருக்கிறேன். அந்த வழுவழுப்பான இடத்தில்.

5:35. க்ரீச். கதவு தானாக வெளிப்பக்கம் திறந்தது. ஓடினேன். வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பி வந்து பார்த்தேன். கதவின் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. நான் பட்டி வைத்து அடைத்த ஓட்டைகள், வைத்தபடியே காய்ந்திருந்தன.

ஏழு மணிக்குக் காவல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"ராத்திரி என்னய்யா விளையாட்டு?"

"விடுங்கண்ணே! ராத்திரி நான் எங்க இருந்தேன்? உங்க மச்சானை ஆஸ்பத்திரியில விட்டுட்டு இப்பத்தான் வர்றேன். தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க. பொண்ணு."

பஸ் போய்விட்டதாம். ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தவனை இவர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ரத்தம் கொடுக்கும்வரை கூடவே இருந்திருக்கிறார். போனில் உங்களைப் பிடிக்கவே முடியவில்லை என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டையை விட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கம்மா இந்த வரிசையிலதான் பொறந்தாங்க" என்றார். "ராத்திரி கங்காணி வருவானாம். உள்ளே எத்தனைன்னு கேப்பானாம். ஆள் குறைஞ்சா, ஓடினவன் கடன் மிச்சம் இருக்கறவங்க தலையில விழும். அதனால யாராவது வெளிய போனா, அவனையும் சேர்த்துத்தான் சொல்வாங்க. அவனுக்காக இன்னொருத்தர் குரல் மாத்திப் பேசுவாங்க."

"ஏழாம் ரூம்ல?"

"அஞ்சு பேரு. ஒருநாள் மழை. குழந்தைக்குக் காய்ச்சல்னு அப்பன்காரன் மருந்துக்குப் போயிட்டான். கங்காணி வந்து கேட்டப்ப, அவன் பொண்டாட்டி அஞ்சுன்னுட்டா. தாழ்போட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி பின்சுவர் உள்ள விழுந்துடுச்சு. வெளிய வர வழியில்ல. காலையில தோண்டுனாங்க."

"நாலு பேரு."

"அஞ்சு, அண்ணே. அஞ்சு உடம்பு. எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறப்ப, அப்பன்காரன் மருந்து பாட்டிலோட உசுரா வந்து நிக்கிறான். அந்த அஞ்சாவது ஆள் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் சொன்ன பொய்யை ராத்திரி நானும் சொல்லியிருக்கிறேன்.

அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது. கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று போனேன். அவர் போனைப் பார்த்தபடியே இறங்கினார்.

"உன் மச்சான் எங்க?"

"முதலாளி, அவன் நேத்து..."

"அவன்கிட்ட சொல்லு. இது விடுதி. சட்டை போடாம, உடம்பெல்லாம் மண்ணோட திரியக் கூடாது. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கேமராவுக்கு எப்போதோ கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார். காவல்காரருக்கே தெரியாமல்.

9:20. படத்தில் நான் குடத்தோடு வருகிறேன். வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். திரும்பி, வா என்று சொல்கிறேன்.

ஒருவன் என்னைத் தாண்டி உள்ளே போகிறான். குனிந்த முதுகு. தலையெல்லாம் செம்மண்.

பிறகு நான் போய்க் கதவைச் சாத்துகிறேன்.

"ரெண்டு பேர். சரியா இருக்கு" என்றார் முதலாளி. "சாயங்காலம் வந்து இதுவரைக்கும் உள்ள கூலிய வாங்கிக்க."

அவர் மற்ற அறைகளைப் பார்க்கப் போனபோது போன் என் கையில்தான் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளி விடியற்காலைக்குக் கொண்டுவந்தேன். 5:35. கதவு திறக்கிறது. நான் விழுந்தடித்து ஓடிவருகிறேன். கதவு திறந்தே கிடக்கிறது. அதற்குப் பின் முதலாளியின் கார் வரும்வரை தள்ளிப் பார்த்தேன்.

உள்ளே போனவர்களைத்தான் அவர் எண்ணினார். வெளியே வந்தது நான் மட்டும்தான்.

மச்சான் மறுநாள் திரும்பிவிட்டான். மீதி வேலை முடியும்வரை, நான் பொறுப்பு என்று முதலாளியிடம் சொல்லி, காவல்காரர் தன் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார். பத்துத் தாழ்ப்பாளையும் சம்மட்டியால் நசுக்கி, சூளைப் பள்ளத்தில் போட்டு மண் தள்ளினேன். கிளம்புகிற அன்று சாமான்களையெல்லாம் எடுத்து வண்டியில் ஏற்றினோம். பாயை எடுக்க உள்ளே போனான் மச்சான். வேண்டாம், விரித்தபடியே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன்.

அந்த ஆள் இன்னும் வெளியே வரவில்லையே.