போனில் வந்த வைத்தியம்

கர்ப்பமாக இருந்த என் மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நீ சிகரெட்ட விடு நைனா. இல்லன்னா பிரசவத்துக்கு செஞ்சிக்கு வர மாட்டேன். மாமியார் வீட்லயே இருந்துக்குறேன்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்காவிட்டால் ஊர் என்ன பேசும்? என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே ஒரு சிகரெட் பற்றவைத்திருக்கலாம்.

என் மன உறுதியின் மேல் மகளுக்கு அபார நம்பிக்கை. அதனால் சென்னையிலிருந்தே ஒரு டாக்டரை ஏற்பாடு செய்தாள். வீடியோ காலில் அவர் என் நெற்றியை மட்டும்தான் பார்த்தார். போனை நான் அப்படித்தான் பிடிப்பேன். நெற்றியைப் பார்த்தே மாத்திரையும் நிகோடின் சூயிங்கமும் எழுதிக்கொடுத்தார். தினமும் போனில் விசாரிக்க ஒரு பெண்ணும் உண்டு. "ஆசை வந்தா தண்ணி குடிங்க சார்" என்பாள். நான் குடித்த தண்ணீருக்குப் பக்கத்து ஊர் சிங்கவரத்தில் இன்னொரு போகம் நெல் விளைந்திருக்கும்.

டீக்கடையில்தான் சிக்கல். ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்த நண்பர்கள் முன்னால் நான் மட்டும் சூயிங்கம் மெல்லக் கூச்சமாக இருந்தது. அதை எல்லோருக்கும் நீட்டினேன். பீடியே தொடாத டீ மாஸ்டரும் ஆசையாக வாங்கி மென்றார். சாயங்காலம் வரை அவருக்கு விக்கல், தலைசுற்றல்.

"இன்னாயா குடுத்த? வெசமா?"

போன் பெண்ணிடம் சொன்னேன். "மருந்த யாராவது பங்கு போடுவாங்களா சார்?" என்று பதறினாள். டீக்கடையில் உட்கார்ந்து பழகாத பெண், பாவம்.

மருந்து எதற்கென்றும் மகள் வைத்த நிபந்தனையும் அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பின் "அவரு பொண்ணு வரணும்ல, பின்னால போய்ப் புடிய்யா" என்று ஒருவரையொருவர் விரட்டினார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். அந்த மரியாதை என் மாப்பிள்ளையிடம்கூட எனக்குக் கிடைத்ததில்லை. இதற்கிடையில் மாத்திரையும் சத்தமில்லாமல் வேலை செய்திருந்தது. சிகரெட்டை நிஜமாகவே விட்டுவிட்டேன்.

மகள் வந்த கார் வாசலில் நின்றது. இறங்கியவள் பெட்டியைத் தொடவில்லை. நேராக வந்து என் சட்டையை மோந்து பார்த்தாள். முகம் மாறியது.

"வாசன வருது நைனா."

"டீக்கடைல உக்காந்திருந்தேம்மா. அவங்க புடிச்சது."

"வாயத் தொற."

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைப் போலீஸ் நிறுத்தியதுபோல, தெருவே பார்க்க வாயைத் திறந்துகொண்டு நின்றேன். வயிற்றைப் பிடித்தபடி எக்கி மோந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரைவரிடம் திரும்பி, "பெட்டிய எறக்குங்க" என்றாள்.