ஏழாம் நம்பர் மாலி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை "ஜோன்ஸ்" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "டேவிஸ்" என்றால் மீதிப் பேர். அதனால்தான் எங்கள் பக்கத்தில் ஆளைப் பண்ணையின் பேரோடு சேர்த்துச் சொல்வது. பண்ணை இல்லாதவனுக்குக் கடையின் பேர், கடையும் இல்லாதவனுக்கு வீட்டு நம்பர். மாலிக்குக் கடைசியில் வாய்த்தது நம்பர்.

பிறந்தபோது அவள் மாலி பென்ரியூ. ஏற்றத்தின் உச்சியில், ஆடும் மாடும் அதைவிட அதிகமாகக் காற்றும் உள்ள பண்ணை அது. இருபத்திரண்டு வயதில், பால் லாரி ஓட்டிய எம்ரிஸைக் கட்டிக்கொண்டு, கவுன்சில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஏழாவதுக்கு வந்தாள். மறுவாரமே ஊர் அவளை மாலி ஏழாம் நம்பர் ஆக்கிவிட்டது. அதைக்கூட அவள் சிரித்தபடி பொறுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அவள் தம்பி இத்தெல், வடக்கே மோன் தீவிலிருந்து எலினெட்டைக் கல்யாணம் செய்து அழைத்துவந்தான். சபை வாசலில் தூவிய காகிதப் பூ தரையில் விழுவதற்குள் தபால்காரர் டுடுர் பெருங்குரலெடுத்துக் கத்தினார்:

"வாம்மா, எலினெட் பென்ரியூ!"

மாலிக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் அந்த மண்ணில் விழுந்து புரண்டவள் நான், நேற்று ரயிலிலிருந்து இறங்கியவளுக்கு என் பேரா? அன்று முதல் நாற்பது வருஷம் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவள் வாயால் சொன்னதில்லை. "மோன்காரி" என்பாள். "தம்பி பொண்டாட்டி" என்பாள். ரொம்பக் கோபம் வந்தால், "பாலுக்கே வேற வார்த்தை சொல்றவ" என்பாள். வடக்கத்தியார் பாலை வேறு வார்த்தையில்தான் சொல்வார்கள், அது ஒரு குற்றமா என்றால், மாலியின் கோர்ட்டில் குற்றம்தான்.

எம்ரிஸ் நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. "அடுப்பை அணைச்சிடு மாலி, உன் வயித்தெரிச்சல்லயே கெட்டில் கொதிச்சிடும்" என்பான். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கல்லறைக் கல்லில் பண்ணைக்காரர்களுக்கெல்லாம் பேருக்குக் கீழே பண்ணையின் பேர் இருக்கும். எம்ரிஸுக்கு, ஏழாம் நம்பர். பக்கத்தில் மாலிக்கென்று இடம் விட்டிருக்கிறது, அவளுக்கும் அதே நம்பர்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவளுக்கு ஆசை என்று வேறு ஒன்றும் இல்லை. செத்த பிறகாவது பென்ரியூ என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா ஹன்னா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவள் எலினெட். மாலி புதன்கிழமை தவறாமல் சூப் கொண்டுபோவாள். போகும்போதெல்லாம் அம்மாவின் தலைமாட்டில் எலினெட் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள், மாலியைக் கண்டதும் மூடிவைப்பாள். அம்மா, தட்டைப் பணியாரம் சுடுகிற இரும்புக்கல்லையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். இரும்புக்கல் போனால் போகட்டும், அந்த நோட்டில் அப்படி என்னதான் எழுதினாள் என்பதுதான் மாலியை அரித்தது.

பிறகுதான் வரைபடப் பேச்சு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டுடுர், சபையின் பின்கூடத்துச் சுவரை அடைத்து ஒரு வரைபடம் போடக் கிளம்பினார். பண்ணைகள் எல்லாம், அவற்றின் வயல்கள் எல்லாம், பழைய பேர்களோடு. ஒவ்வொரு பண்ணைக்குக் கீழேயும் பேர் சொன்னவர் யார் என்று ஒரு வரி.

மாலி நேரே அவர் வீட்டுக்குப் போனாள். "பென்ரியூவுக்கு என் பேரைப் போடு."

"எலினெட் கொடுக்கறேன்னு சொல்லிட்டாளே, மாலி. ஒரு பண்ணைக்கு ஒரு வாய், அதான் கணக்கு."

"அங்க பொறந்தது அவளா, நானா?"

"பொறந்ததை யாரு இல்லைன்னா? சரி, அவளுக்குத் தெரியாத ஒண்ணை நீ கொண்டா. உன் பேரும் கீழ வரும். போதுமா?"

போதும் போதும் என்று வந்தாள். இரண்டு குளிர்காலம் மாலி செய்த வேலையை வக்கீல் குமாஸ்தாகூடச் செய்திருக்க மாட்டான். பஸ் ஏறி அபெரிஸ்ட்வித் நூலகத்துக்குப் போய், பழைய வரிப் பதிவேடுகளைப் புரட்டினாள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பிரதி எடுத்தாள். கல்லறைகளில் பாசியைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். நடுவில் மூன்று மாதம் ஒரு மாவுமில்காரரைத் தன் முப்பாட்டன் என்று கொண்டாடிக்கொண்டிருந்தாள். இத்தெல் வழியாக விஷயம் எலினெட்டின் காதுக்குப் போய், சபை வாசலில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மாலி, தப்பா நினைக்காதீங்க. அந்த மில்லுக்காரர் மலைக்கு அந்தப் பக்கத்துப் பென்ரியூன்னு நினைக்கறேன். ரெண்டு பென்ரியூ இருக்கே."

மாலி போய்ப் பார்த்தாள். உண்மைதான். சரியாக இருந்ததுதான் பொறுக்க முடியவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஏழு தலைமுறை கிடைத்தது. ஆனால் கிடைத்ததில் ஒரு சங்கடம். அந்த வீட்டில் பிறந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் கல்யாணத்தோடு மறைந்து, ஏதோ ஒரு பண்ணையின் பேரில் அடக்கமாகியிருந்தாள். எங்கிருந்தோ வந்த மருமகள்கள்தான் வரிசையாகப் பென்ரியூ, பென்ரியூ, பென்ரியூ. மாலி அந்தத் தாளை மேஜையில் அறைந்து, ஏழு தலைமுறை மருமகள்களையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். தன்னைப் பெற்ற ஹன்னாவும் அந்த வரிசையில்தான் இருக்கிறாள் என்பது டீ ஆறிய பிறகுதான் உறைத்தது.

வரைபடக் கூட்டம் ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மதியம். டீ, திராட்சை போட்ட ரொட்டி, வெண்ணெய், நனைந்த கோட்டுகளின் வாடை. மாலி தன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பென்ரியூ முறை வந்தபோது எலினெட் எழுந்து அந்த நோட்டைத் திறந்தாள். அதே நோட்டு!

எங்கள் மொழியில் வயலுக்குக் 'கை' என்று பேர். ஊற்றுக்கை, வீட்டடிக்கை, குதிரைக்கை, கடைக்கோடிக்கை என்று எலினெட் வாசிக்க வாசிக்க, டுடுர் எழுதினார். அத்தனை கையையும் அம்மா தூக்கி இவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்! பெற்ற மகளிடம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஏழு தலைமுறைக் கோப்பு மடியில் செங்கல்லாகக் கனத்தது.

கடைசியில் எலினெட் நிறுத்தினாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஓடைக்கு அந்தப் பக்கம் முக்கோணமா ஒரு துண்டு. இப்ப ஊசியிலை மரமா நிக்குது. அதுக்குப் பேர் வச்சது மாலியாம், நாலு வயசுல. அவளைக் கேளுன்னு அத்தை சொன்னாங்க." அவள் திரும்பி மாலியைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொல்லுங்க, மாலி."

கூடம் முழுக்கத் திரும்பியது. நாற்பது வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் இது. மாலி எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. ஓடை நினைவில் இருக்கிறது, சேறு இருக்கிறது, தான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அங்கே மரம் நட்டுவிட்டார்கள் என்பதும் இருக்கிறது. பேர்? துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டாம் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கை மாலி," என்றாள். "மாலி வயல். அதான் பேர்."

"அடேயப்பா, நாலு வயசுலயே பட்டா போட்டுக்கிட்டியா?" என்றார் டுடுர். எல்லாரும் சிரித்தார்கள். எலினெட் ஒரு நொடி நோட்டைப் பார்த்தாள், பிறகு மூடினாள். "ஆமா, எழுதிக்கோங்க" என்றாள். பென்ரியூவுக்குக் கீழே இரண்டு பேர் வந்தன. இரண்டாவது மாலி. அன்று மாலி வீட்டுக்கு நடந்தே போனாள், மழையில், குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல்.

பத்து நாள் கழித்து இத்தெல் முட்டையோடு வந்தான். கூடவே ஒரு பழுப்பு உறை.

"எலினெட் கொடுக்கச் சொன்னா. அம்மா சொன்னதெல்லாம் இதுல இருக்காம். வரைபடம்தான் முடிஞ்சுதே, இனி இது உன்கிட்ட இருக்கட்டும்ங்கறா."

அவன் போனதும் மாலி உறையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாள். எலினெட்டின் குண்டு குண்டான எழுத்து. "ஓடைக்கு அப்பால் முக்கோணம். ஒத்தைச் செருப்பு வயல். மாலிக்கு நாலு வயசு. ஒரு செருப்பைச் சேத்துல விட்டுட்டு நொண்டிக்கிட்டே வந்து, இது ஒத்தைச் செருப்பு வயல்னா. அவங்கப்பா சிரிச்ச சிரிப்பு மலைக்கே கேட்டிருக்கும். அவளைக் கேளு, ஆசையா சொல்லுவா."

மாலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் சிரிப்பு காதில் விழுந்தது, சேறு காலில் ஏறியது. எல்லாம் வந்தது, பத்து நாள் தாமதமாக. அழுகை வர வேண்டிய இடம்தான். ஆனால் அழுகையை முந்திக்கொண்டு வந்தது அதே பழைய எரிச்சல். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள்! நான் தப்பாகச் சொன்னதும் தெரிந்துகொண்டே மூடியிருக்கிறாள். பேரையும் எடுத்துக்கொண்டாள், இரும்புக்கல்லையும் எடுத்துக்கொண்டாள், இப்போது பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டாளா? இவள் போட்ட பிச்சையில் என் பேர் அந்தச் சுவரில் தொங்க வேண்டுமா?

போனை எடுத்து டுடுரைக் கூப்பிட்டாள்.

"அந்த முக்கோணத் துண்டு. நான் சொன்னது தப்பு. ஒத்தைச் செருப்பு வயல்னு மாத்து."

"ஞாபகம் வந்திடுச்சா உனக்கு?"

"வரலை. நோட்டுல இருந்தது. என் பேரை அடிச்சிடு."

"இரு, இரு, பேனா எடுத்துக்கறேன்." தாள் சரசரத்தது. "அப்ப யார் சொன்னதுன்னு போட?"

"எலினெட்டுன்னு போடு."

"எந்த எலினெட்?"

"என்ன எந்த எலினெட்? என் தம்பி பொண்டாட்டி."

"தம்பி பொண்டாட்டின்னு வரைபடத்துல எழுத முடியுமா, மாலி? சபையில மூணு எலினெட் இருக்காங்க. சரியாச் சொல்லு."

கிழவருக்குத் தெரியாமல் இல்லை. மாலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏற்றத்தின் உச்சியில் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பேரைச் சொன்னாள்.

"எலினெட் பென்ரியூ."