மாத்திரையும் தேத்தண்ணியும்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சுவரில் அந்தத் தட்டுப் படத்தை ஒட்டியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. பாதித் தட்டு காயும் கீரையும், கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் சோறு. கீழே ஒரு வரி: சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். சேரம்பாடியில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

அப்போது எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. உடம்பில் ரத்தம் போதாது, ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நர்ஸ் அந்த வரியைக் காட்டினார்.

"இரும்புச்சத்து மாத்திரை போட்டா மட்டும் பத்தாதுங்க. தின்ன கையோட டீயை ஊத்துனா, சத்து ஒடம்புல சேராதுங்க."

"காட்டுல எங்களுக்கு ஒரே ஒரு இடைவேளை. ரொட்டிக்கு ஒண்ணு, தேத்தண்ணிக்கு ஒண்ணுன்னு ரெண்டா விடச் சொல்லி நீங்களே சூப்பர்வைசருக்கு எழுதிக் குடுங்க" என்றேன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் நாங்கள். டீ எங்களுக்குத் தேத்தண்ணிதான்.

அந்தப் படம் பொய் என்று காட்டத்தான் வீம்புக்கு அதன்படி நடந்தேன். மழையில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்பார்கள். நான் வெந்நீரைக் குடித்துக்கொண்டு கீரையும் வறட்டு ரொட்டியும் மெல்லுவேன். "தேயிலைக்காட்டுல இருந்துக்கிட்டு என்னடி விரதம்?" என்று சிரித்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. நர்ஸுக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த டீ சமாச்சாரம் எப்பயிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அது ரொம்பக் காலமாத் தெரிஞ்சதுதானுங்க."

என் அம்மாவுக்கும் இதே ரத்தக்குறைவுதான். தம்பி வயிற்றில் இருந்தபோது இதே ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். எதோடு விழுங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சுவரில் அன்று வெறும் சுண்ணாம்புதான் இருந்தது. சோர்ந்து கிடப்பவளுக்குச் சாயம் கூடின தேத்தண்ணி கொடுத்தால் தெம்பு வரும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். பிரசவத்தில் அம்மா பிழைக்கவில்லை.

அந்த மாத்திரைகளைத் தினமும் தேத்தண்ணியோடு எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.